டெங்கு இல்லை: புரோமைலோசைட் ரத்தப் புற்றுநோய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார்த்திகை பிறந்துவிட்டால் மதுரையில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" மழை விட்ட சில நாளில் காய்ச்சல் கூட்டம் வந்துவிடும். நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று பாதி வைத்தியம் வீட்டிலேயே முடிந்திருக்கும். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் டெங்கு என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத ஒரு முறையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

நான் ரத்த நோய்களைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர். மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த நோயாளி சம்மதம் சொன்ன பிறகே எழுதத் தொடங்கினேன். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி வயது, தெரு, தேதி போன்றவற்றை மாற்றியிருக்கிறேன்.

வந்த நிலை

முப்பத்து நாலு வயது. மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடு. இரண்டு பிள்ளைகள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது தொழில். மடியில் வெள்ளைத் துணியை விரித்து, துளியூண்டு துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்குவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். மாமியாரிடம் கற்றுக்கொண்டது.

எங்களிடம் வருவதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்பு பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம். பிரஷ் கடினம் என்று நினைத்து மாற்றியிருக்கிறார். பிறகு தொடையில் நீலமாக ஒரு தடம், எங்கே இடித்துக்கொண்டோம் என்று நினைவில்லை. மாதவிலக்கு வந்து ஒன்பது நாளாகியும் நிற்கவில்லை. அதோடு லேசான காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல்.

பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, நீலம் முழங்கால் வரை இறங்கியது. ரத்தம் பார்த்ததில் தட்டணு 22,000. டெங்கு சீசன். டெங்கு கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். நாள் தள்ளிப் போனால் அது நெகட்டிவாகவும் வரலாம் என்பதால் டெங்கு என்றே வைத்து மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் தட்டணு 11,000.

அந்தக் கிளினிக்கைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு காய்ச்சல்காரர்களைப் பார்க்கும் இடம். அந்த வாரம் அங்கே தட்டணு குறைந்து வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் டெங்குதான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் கையில் இருந்த அதே காகிதத்தில் இன்னொரு எண் இருந்தது. ஹீமோகுளோபின் 7.4. டெங்கு முற்றும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். ஹீமோகுளோபினும், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் ஹிமடோகிரிட்டும் ஏறும். இந்த அம்மாவுக்கு மூன்றும் சேர்ந்து கீழே கிடந்தன: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு. வெள்ளையணு 1,900. டெங்குவிலும் வெள்ளையணு குறையும் என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மூன்றும் ஒன்றாக இறங்கினால் உற்பத்தி ஆகும் இடத்தை, அதாவது எலும்பு மஜ்ஜையைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்துக்கு ரத்தம் வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு. எந்திரம் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு, வெள்ளையணுப் பகுதியில் எச்சரிக்கைக் குறி ஒன்றையும் போட்டிருந்தது. அன்று மட்டும் அப்படிக் குறி விழுந்தவை நாற்பதுக்கு மேல். டெங்குவில் உருமாறிய லிம்போசைட்டுகள் வருவதால் எந்திரம் இந்தக் குறியை நாள் முழுதும் போட்டுக்கொண்டே இருக்கும். ஸ்லைடு என் மேஜைக்கு வந்தபோது எட்டு நாற்பது. இரண்டரை மணி நேரம் அது தட்டில் காத்துக் கிடந்திருக்கிறது. இது எங்கள் பக்கத்துத் தாமதம், எழுதாமல் விடக்கூடாது.

ஸ்லைடு

வெள்ளையணு 1,900 மட்டும் என்றால் கண்ணாடித் தட்டு ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட ஸ்லைடில் நடுவில் தேடிப் பயனில்லை. ரத்தத்தை இழுத்துப் பரப்பும்போது பெரிய அணுக்கள் வால் பக்கம், ஓரத்தில் போய் ஒதுங்கும். எண்ணெய்த் துளி விட்டு, நூறு மடங்கு லென்ஸைத் திருப்பி, ஓரமாகவே நகர்த்தினேன்.

முதலில் கண்ட ஒன்று பெரியது. உட்கரு நடுவில் இடுங்கி இரண்டு மடலாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு அவரை விதை போல. சைட்டோபிளாசம் முழுக்க ஊதாச் சிவப்பு மணிகள், உட்கருவின் விளிம்பே மறையும் அளவுக்கு அடர்த்தி. இதுவரை வெறும் சந்தேகம்தான். நாலைந்து பார்வைப்புலம் தள்ளி இன்னொன்று. அதற்குள்ளே ஊசி ஊசியாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கட்டி வைத்த விறகு மாதிரி. அவை ஆயர் கோல்கள். பாடப் புத்தகத்தில் இந்த அணுவின் பெயருக்கே விறகுக்கட்டு என்றுதான் பொருள். சுள்ளி பொறுக்கிக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் ஒரு முறை பார்த்தால் மறக்காது.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா. ரத்தப் புற்றுநோய்களில் மிக வேகமாகக் கொல்லக்கூடியது இது. முதல் சில நாளைத் தாண்டிவிட்டால் மிக நன்றாகக் குணமாவதும் இதுவேதான்.

நாற்காலியிலிருந்து எழுந்தே போன் செய்தேன். அறிக்கை டைப் ஆகும் வரை காத்திருக்கும் நோய் இல்லை இது. உறைதல் பரிசோதனையும் உடனே போட்டோம்: ரத்தம் உறைய ஆகும் புரோத்ராம்பின் நேரம் நீண்டு 19 விநாடி, உறைவதற்கான புரதமான ஃபைப்ரினோஜன் குறைந்து 92 மில்லிகிராம், உறைந்தது கரைவதைக் காட்டும் டி-டைமர் எந்திரத்தின் உச்சத்தைத் தாண்டியது. இந்தப் புற்றணுக்களில் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் இருக்கிறது. மேற்பரப்பில் இருக்கும் அனெக்சின் 2 என்ற புரதமோ உறைந்ததைக் கரைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இழுபட்டு, உறைவதற்கான சரக்கு முழுவதும் தீர்ந்துபோகும். இந்த நோயாளிகள் ஆரம்பத்திலேயே இறந்தால் பெரும்பாலும் மூளைக்குள் ரத்தம் கசிந்துதான் இறக்கிறார்கள். இடுப்பு ஊசி ஏன் முழங்கால் வரை நீலமாக இறங்கியது என்பதும் அப்போது புரிந்தது.

முடிச்சு

இந்த நோயின் வேர் ஒரு புரதத்தில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் சிகிச்சை ஏன் அப்படிப் போனது என்பது விளங்காது.

நம் உடம்பில் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. விழித்திரையில் இருக்கும் அணுவிலும் ஈரலில் இருக்கும் அணுவிலும் அதே 20,000தான். எந்த அணுவில் எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை, டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காரும் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்று இவற்றுக்குப் பெயர். மனிதரில் சுமார் 1,600 வகை உண்டு. ஒரு மரபணுவைத் திறந்துவிடுவதும் இவைதான், மூடி வைப்பதும் இவைதான்.

இதை வகுப்பில் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாவைப் பார்த்த பிறகு சுங்குடியை விட்டு வேறு எதையும் சொல்லத் தோன்றுவதில்லை. துணி ஒன்று, சாயம் ஒன்று. முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. எங்கே முடிச்சு, எங்கே இல்லை என்பதே சேலையின் வடிவம்.

மஜ்ஜையில் வெள்ளையணு படிப்படியாக வளரும். அதில் நடுப் படி புரோமைலோசைட். அது முதிர்ந்து நியூட்ரோஃபில் ஆக, சில மரபணுக்கள் மேல் உள்ள முடிச்சு அவிழ வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது ரெட்டினாயிக் அமில ஏற்பி ஆல்ஃபா என்ற படியெடுப்புக் காரணி. இதன் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ரெட்டினாயிக் அமிலம் என்பது வைட்டமின் ஏ உடம்பில் மாறி வரும் பொருள். அது வந்து ஒட்டாத வரை இந்த ஏற்பி, அடக்கும் புரதங்களைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கும். அவை டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களிலிருந்து அசெட்டைல் என்ற வேதிக் குறிகளை உருவிவிட, அந்தப் பகுதி இறுகிப்போகும். ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறி, அடக்கும் கூட்டம் விலகி, திறக்கும் கூட்டம் வந்து சேரும். நம் ரத்தத்தில் வழக்கமாக ஓடும் அளவே இதற்குப் போதும்.

இந்த நோயில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 15இல் இருந்த பிஎம்எல் என்ற மரபணுவின் ஒரு பகுதியும் 17இல் இருந்த ஏற்பியின் ஒரு பகுதியும் சேர்ந்து ஒரே புரதமாக வருகின்றன. பெற்றோரிடமிருந்து வந்த குறை இல்லை இது. வாழ்நாளில் ஏதோ ஒரு மஜ்ஜை அணுவில் நடப்பது. பிள்ளைகளுக்கு வருமா என்று அந்த அம்மா கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஒட்டுப் புரதம் டிஎன்ஏவில் அதே இடங்களில் போய் உட்காரும். ஆனால் ஜோடி ஜோடியாகக் கூடி, அடக்கும் புரதங்களைப் பல மடங்கு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான அளவு ரெட்டினாயிக் அமிலம் வந்தால் அசையாது; மருந்தாகப் பல மடங்கு கொடுத்தால்தான் அசையும். அதுவரை முடிச்சு அவிழாது. அணு நடுப் படியிலேயே நின்று, முதிராமல் பெருகிக்கொண்டே போகும். பிஎம்எல் புரதத்துக்கும் சொந்தமாக ஒரு வேலை உண்டு. உட்கருவுக்குள் சிறு உருண்டைகளாகக் கூடி, கெட்டுப்போன அணுக்கள் தாமாகவே ஓய்ந்துபோவதற்கு உதவுவது. ஒட்டுப் புரதம் அந்த உருண்டைகளையும் தூளாகச் சிதறடித்துவிடுகிறது. முதிர்ச்சி நின்றுபோகிறது; கெட்ட அணுவைத் தடுத்து நிறுத்தும் வழியும் அடைபடுகிறது. ஒரே புரதத்தால் இரண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் வரலாறு. 1957இல் நார்வேயில் ஹில்லெஸ்டாட் இந்த நோயைத் தனியாகப் பிரித்துச் சொன்னபோது, சில வாரத்தில் ரத்தக் கசிவால் கொல்லும் நோய் என்று மட்டுமே தெரியும். 1977இல் ஜேனட் ரவ்லி குரோமோசோம் இடமாற்றத்தை உறுதிப்படுத்தினார். 1985இல் ஷாங்காயில் வாங் சென்யீ ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவமான ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை மருந்தாகக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். 1988இல் 24 நோயாளிகளின் விவரத்தை அவர் குழு வெளியிட்டது. 23 பேருக்கு அந்த ஒரு மாத்திரையிலேயே நோய் அடங்கியது. மிச்ச ஒருவருக்குச் சிறு அளவு கீமோ சேர்த்ததும் அடங்கியது. அந்த நேரத்தில் ஒட்டுப் புரதம் பற்றி உலகில் யாருக்கும் தெரியாது! 1990, 91இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். முடிச்சு எங்கே என்று தெரியும் முன்பே அவிழ்க்கும் கை கிடைத்துவிட்டது.

அந்த இரவு

விதி எளிமையானது: இந்த நோய் என்று சந்தேகம் வந்த நிமிடமே ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கு, மரபணு முடிவுக்குக் காத்திருக்காதே. சந்தேகம் தவறாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிடலாம். சரியாக இருந்து மாத்திரை தாமதமானால் ஆள் இருக்க மாட்டார்.

கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்தோம், கருவை இந்த மருந்து கடுமையாகப் பாதிக்கும் என்பதால். 52 கிலோ. உடல் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 45 மி.கி. கணக்கில் நாளைக்கு 70 மி.கி., அதாவது 10 மி.கி. கேப்சூல் ஏழு: காலையில் மூன்று, இரவில் நாலு. கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மருந்து கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. மருத்துவமனை மருந்தகத்தில் இல்லை. நாலு கடையில் இல்லை. மருந்து மொத்த வியாபாரி ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தூக்கி எடுத்துக் கொடுத்தார். முதல் நாலு கேப்சூல் உள்ளே போனபோது மணி 11.50.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்தை அவசர மருந்தாக எண்ணி, இரண்டு நாளைக்குப் போதுமான கேப்சூலையாவது ஒவ்வொரு பெரிய மருத்துவமனையும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். பாம்புக்கடி மருந்தை வைத்திருக்கிறோம் அல்லவா, அதே நியாயம்தான் இதற்கும்.

தட்டணுவை 50,000க்கு மேலும் ஃபைப்ரினோஜனை 150க்கு மேலும் வைத்திருப்பது குறி. அன்று இரவே தட்டணுப் பைகளும், ஃபைப்ரினோஜன் நிறைந்த ரத்தப் பொருளான கிரையோவும் ஏறின. அடுத்த ஆறு நாளில் தட்டணு மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பைகள். அவர் கணவர் நெசவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்ட ஒரு வரிக்கு, விடியற்காலையில் ரத்தம் கொடுக்க வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். கழுத்து நரம்பில் குழாய் போடவில்லை, தசையில் ஊசி போடவில்லை. ரத்தம் நிற்காத ஆளின் உடம்பில் புதிதாக ஓட்டை எதுவும் போடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம்.

மூன்றாம் நாள், குரோமோசோம் இடமாற்றத்தைக் காட்டும் ஃபிஷ் பரிசோதனை முடிவு வந்தது. 15–17 ஒட்டு உறுதி. வெள்ளையணு 10,000க்குக் கீழே இருந்ததால் அதிக ஆபத்து இல்லாத பிரிவு. இந்தப் பிரிவுக்கு இப்போது கீமோதெரபி தேவையில்லை. ரெட்டினாயிக் அமிலத்தோடு ஆர்சனிக் ட்ரையாக்சைடு போதும்.

பாஷாணம்

"ஆர்சனிக்னா எலி மருந்துல்ல, டாக்டரம்மா?" என்று கணவர் கேட்டார். கேட்டது சரிதான். சித்த மருத்துவ நூல்கள் சொல்லும் 64 பாஷாணங்களில் ஒன்றான வெள்ளைப் பாஷாணம் இதே பொருள்தான். அப்படியே சொன்னேன். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள், அப்போது ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த நோய்க்கு ஆர்சனிக்கைக் கொண்டுவந்தது வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், 1970களில். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் விக்ரம் மேத்யூஸும் குழுவினரும் 1998 முதல் 2004 வரை 72 புது நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து, 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுதாக அடங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கீமோவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு என்ன வழி என்ற கேள்வியிலிருந்து பிறந்த வேலை அது. 2013இல் இத்தாலி–ஜெர்மனி ஆய்வு இரண்டு மருந்தையும் சேர்த்துப் பார்த்தது: அதிக ஆபத்து இல்லாத பிரிவில், கீமோ இல்லாமலேயே, இரண்டு ஆண்டு முடிவில் 97 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோ பெற்றவர்களில் அது 86.

ரெட்டினாயிக் அமிலம் ஒட்டுப் புரதத்தின் ஏற்பிப் பாதியைப் பிடிக்கிறது. ஆர்சனிக் பிஎம்எல் பாதியைப் பிடிக்கிறது. அந்தப் பாதியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களோடு நேராக ஒட்டிக்கொள்ளும். உடனே அணுவே அந்தப் புரதத்துக்குக் கழிவு என்று குறி போட்டு, அரைத்து அழித்துவிடும். இரண்டு பக்கமும் பிடிபட்ட புரதத்துக்குத் தப்பிக்க இடமில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் சேர்ந்த பற்பமோ செந்தூரமோ தேடிப் போகக்கூடாது. எங்கள் நோயாளிக்குப் போனது நாளைக்கு 7.8 மி.கி., இரண்டு மணி நேரச் சொட்டாக. இசிஜி அடிக்கடி எடுத்து, பொட்டாசியத்தை 4க்கு மேலும் மெக்னீசியத்தை 1.8க்கு மேலும் வைத்துக்கொண்டே கொடுத்தோம். அளவு பிசகினால் இதயத் துடிப்பின் தாளம் கெட்டு உயிர் போகும். மற்ற புற்றுநோய்களில் இந்த ஒட்டுப் புரதமே கிடையாது, ஆகவே ஆர்சனிக்குக்கு அங்கே பிடிக்க எதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலை எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மூச்சு வாங்கல். ஆக்சிஜன் அளவு 91. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைப் படலம். வெள்ளையணு 1,900இலிருந்து 24,000க்கு ஏறியிருந்தது. நோய் மீறிவிட்டது என்றுதான் குடும்பம் பயந்தது. இளம் மருத்துவர் ஒருவரும் அப்படியே நினைத்து நிமோனியா மருந்தை மட்டும் எழுதியிருந்தார்.

இது மருந்து வேலை செய்வதால் வரும் சிக்கல். அடைபட்டிருந்த அணுக்கள் கூட்டமாக முதிரத் தொடங்கும்போது ரத்தத்தில் பெருகி, நுரையீரலில் ஒட்டி, நாளங்களைக் கசிய வைக்கும். இதற்கு முதிர்வு நோய்த்தொகுப்பு என்று பெயர். நாலில் ஒருவருக்கு வரும். சந்தேகப்பட்ட உடனே டெக்சாமெத்தசோன் 10 மி.கி. தினம் இரண்டு வேளை. அதோடு வெள்ளையணுவை அடக்க ஹைட்ராக்சியூரியா, நீர் பிரிய மருந்து. கிருமித் தொற்றுக்கான மருந்தையும் நிறுத்தவில்லை, அதுவும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால். முதிர்விக்கும் மருந்து இரண்டும் தொடர்ந்தன. பன்னிரண்டாம் நாள் ஆக்சிஜன் குழாயை எடுத்தோம்.

கோலோடு முதிர்ந்த அணுக்கள்

தினமும் ஒரு ஸ்லைடு பார்த்தேன். கட்டாயம் இல்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நாலாம் நாள் வரை அதே இரட்டை மடல் உட்கரு, அதே மணிகள். ஆறாம் நாள் மணிகள் கொஞ்சம் குறைந்தன. எட்டாம் நாள் உட்கரு குழிந்து வளையத் தொடங்கியது. பதிமூன்றாம் நாள் நல்ல நியூட்ரோஃபில் ஒன்று கண்ணில் பட்டது: மூன்று மடல், மெல்லிய இழையால் இணைந்தவை, இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம், பாடப் புத்தகப் படம் மாதிரி. அதன் நடுவே ஒரு ஆயர் கோல் கிடந்தது.

ஆரோக்கியமான நியூட்ரோஃபிலில் அந்தக் கோல் இருக்க வழியே இல்லை. புற்றணு செத்து அந்த இடத்தில் புது அணு வந்திருந்தால் கோல் இருக்காது. இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தப் பெண்ணைச் சாகடிக்கப் பார்த்த அதே அணுக் குடும்பம்தான் வளர்ந்து, முதிர்ந்து, இன்னும் சில நாளில் தன் ஆயுள் முடிந்து தானாகவே மறையப் போகிறது. விறகு மட்டும் கட்டிலிருந்து கழன்று தனிக் குச்சியாக உள்ளே தங்கிவிட்டது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது எனக்கு அதுதான் மூன்றாம் முறை. ஆய்வகத்தில் அன்று வேலையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன்.

அன்று மாலை வார்டுக்குப் போய் அந்த அம்மாவிடமும் சொன்னேன், அவர் தொழில் மொழியிலேயே. முடிச்சு இறுகிப்போய் அவிழாமல் இருந்தது, மருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறது என்று. அவர் யோசித்துவிட்டுத் திருத்தினார்: "ஒவ்வொண்ணா அவுக்கறது இல்லீங்க டாக்டரம்மா. துணி காஞ்சதும் ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு இழு இழுத்தா படபடன்னு எல்லாம் தெறிக்கும்." ஒரே புரதம் விலகியதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாகத் திறப்பதை இதைவிடச் சரியாக நான் சொன்னதில்லை.

மற்றப் புற்றுநோய்களில்

இப்படி ஒரே புரதத்தில் முடிச்சு விழுந்து, அதை அவிழ்த்தால் போதும் என்ற நிலை மற்றப் புற்றுநோய்களில் அபூர்வம். ஆனால் மரபணுவை ஆளும் புரதங்கள் கெட்டுப்போவது எங்கும் உண்டு. பர்க்கிட் லிம்போமாவில் 8ஆம் குரோமோசோமில் இருக்கும் மைக் (MYC) என்ற படியெடுப்புக் காரணி, 14இல் எப்போதும் திறந்தே கிடக்கும் பகுதிக்கு அருகில் போய் மாட்டிக்கொள்கிறது. பெருகு, பெருகு என்ற கட்டளை நிற்பதே இல்லை. 1979இல் கண்டறியப்பட்ட பி53, டிஎன்ஏ பழுதானால் அணுவை நிறுத்தி வைக்கும் மரபணுக்களைத் திறந்துவிடும் புரதம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது பழுதுபட்டிருக்கிறது. அங்கே சிக்கல் வேறு மாதிரி: வேண்டாத புரதம் இருந்தால் அழிக்கலாம், இல்லாமல் போன புரதத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

மார்பகப் புற்றுநோய் இன்னும் பக்கத்து உறவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ரெட்டினாயிக் அமில ஏற்பியின் அதே குடும்பத்தைச் சேர்ந்த படியெடுப்புக் காரணி. நம் ஊரில் எத்தனையோ பெண்கள் ஐந்து வருடம், பத்து வருடம் தினமும் விழுங்கும் டாமாக்சிஃபென் மாத்திரை அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து, மரபணுவைத் திறக்கவிடாமல் செய்வதுதான். இங்கே முடிச்சை அவிழ்க்கிறோம். அங்கே முடிச்சுப் போடுகிறோம். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வரும் பெண்களிடம் இதைச் சொன்னால், ஏன் நிறுத்தக்கூடாது என்று புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது

முப்பத்து மூன்றாம் நாள் மஜ்ஜைப் பரிசோதனையில் புரோமைலோசைட் கூட்டம் இல்லை. அடுத்த கட்டமாக ஆர்சனிக் நாலு சுற்று: வாரத்துக்கு ஐந்து நாள், நாலு வாரம், பிறகு நாலு வார ஓய்வு. ரெட்டினாயிக் அமிலம் இரண்டு வாரம் விட்டு இரண்டு வாரம், ஏழு சுற்று. மூன்றாம் சுற்று முடிந்து எடுத்த பிசிஆரில் ஒட்டு மரபணுவின் தடயம் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதியை மாற்றியிருக்கிறோம். தட்டணு 50,000க்குக் கீழே இருந்து, ஹீமோகுளோபினும் 10க்குக் கீழே இருந்தால், அந்த ஸ்லைடு வரிசையில் நிற்காது. சாயம் போட்ட கையோடு மேஜைக்கு வரும்; ஆள் இல்லையென்றால் படம் எடுத்து என் போனுக்கு வரும். கடந்த சீசனில் இப்படி வந்தவை 61. ஒன்றில் வேறு வகை லுகீமியா, இரண்டில் பி12 குறைவு. மற்றவை அநேகமாக டெங்குவும் பழைய ரத்தசோகையும் சேர்ந்தவை. 61 ஸ்லைடுக்கும் சேர்த்து எனக்கு ஆன நேரம் ஐந்து மணிக்கும் குறைவு.

அந்த அம்மா நாலாம் சுற்றுக்கு வந்தபோது பையில் துணியும் நூலும் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார முடியாதாம். நர்ஸ் நரம்பு தேடி வலது கையைப் பிடித்ததும் உதறிக்கொண்டு, இடது கையை நீட்டினார்.